எதற்குப் பிரமாணம்?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டியும் அதன் அண்டையிலும் பரவிக் கிடக்கும் தோல் தொழிலின் பிரதேசத்தில், ஒரு தோலை விரித்துப் பார்த்து அதற்கு இன்ன தரம், இன்ன விலை, இன்ன உபயோகம் என்று நிர்ணயம் செய்யும் காரியத்தையே ஜீவனோபாயமாகக் கொண்டு என் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்திருக்கிறேன். மதிப்பீடு என்பது எனக்குப் புஸ்தகத்தில் வாசித்துத் தெரிந்துகொண்ட விஷயமாக இல்லாமல், கட்டை விரலால் அழுத்தியும் கண்ணருகே தூக்கிப் பிடித்தும் தினந்தோறும் பழகிய விஷயமாகவே இருந்திருக்கிறது. அந்தப் பழக்கத்திலிருந்து எனக்கு ஏற்பட்டிருக்கும் திடமான அபிப்பிராயம் ஒன்றுண்டு. எங்கள் தொழிலில் பொய் அளவுகளால் விளைந்த நஷ்டம் சொற்பம். மிகுந்த சிரத்தையோடு, அணுவளவும் பிசகாமல் எடுக்கப்பட்ட மெய்யான அளவுகளை, அவை சற்றும் அறியாத ஒரு காரியத்துக்குச் சாட்சி சொல்ல அழைத்ததால் விளைந்த நஷ்டமே பெரிது. ஒரு மதிப்பீட்டின் ஏற்புடைமை என்று அறிஞர்கள் குறிப்பிடுவது இந்த இடத்தைத்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனால் அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே தோல் எனக்கு அதைக் காட்டிவிட்டது.

‘செலக்‌ஷன்’ என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் தரம் பிரிக்கும் அறையைப் பார்த்திராதவர்களுக்கு அதைச் சற்று வர்ணிக்க வேண்டும். நேர்வெயில் விழாதபடி வடக்கு முகமாக ஜன்னல் வைத்த நீண்ட அறை. இடுப்பு உயர மேஜைகள். மேஜைக்கு அப்பால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மரப் பலகைகள், அவற்றின்மேல் முதல் தரத்திலிருந்து ஆறாம் தரம் வரையில் பிரித்துப் போட்ட தோல்கள். தரம் பிரிப்பவர் தோலின் மேற்புறத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, உயிரோடிருந்த காலத்தில் மாட்டை உண்ணி கடித்த வடு, வேலி முள் கிழித்த கீறல், சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு, கழுத்துச் சுருக்கம் ஆகியவற்றை ஒரு கண வீச்சில் கணக்கெடுத்துவிட்டு, வயிற்றுப் பக்கத்தை உட்புறமாக மடித்து மேற்பரப்பு தளர்ந்து சுருங்குகிறதா என்று பார்த்து, அடுத்த கணத்தில் அதை உரிய குவியலில் வீசிவிடுவார். எனக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்த பெரியவர் ஆம்பூர்க்காரர். எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைப்போம். அவர் இன்று மூன்றாம் தரம் என்று வீசிய தோலை, ஒரு வாரம் கழித்து அவருக்குத் தெரியாமல் வேறு லாட்டில் கலந்து வைத்தாலும், மறுபடியும் மூன்றாம் தரத்திலேயே வீசுவார். பருவமோ, உடல் அசதியோ, முதலாளி பக்கத்தில் நிற்பதோ அவர் கையை அசைத்ததில்லை. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் அவர் சொல்லைத் தராசாக ஏற்றார்கள்.

அப்படிப்பட்டவர் பிரித்துக் கொடுத்த இரண்டாம் தரத் தோல்கள் ஒரு சமயம் ஆண்கள் ஷூவுக்கான கட்டிங் பிரிவுக்குப் போயின. எதிர்பார்த்த ஜோடிகள் தேறவில்லை. அதே வாரம் நான்காம் தரத் தோல்கள் பெண்களின் வார் செருப்புக்குப் போனபோது, கணக்குக்கு மேலாகவே ஜோடிகள் கிடைத்தன. கட்டிங் மாஸ்டர் தோலைக் குறை சொன்னார். அலுவலகம் செலக்‌ஷனைக் குறை சொன்னது. பாயை நான் வெட்டும் மேஜைக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் பார்த்திருந்துவிட்டு, “தம்பி, நான் தோலுக்குத்தானே தரம் போட்டேன், ஷூவுக்குப் போடலையே” என்றார். விஷயம் முழுவதும் அந்தச் சொல்லில் அடங்கியிருந்தது. நடு முதுகில் ஒரே ஒரு தழும்பும் மற்ற இடமெல்லாம் பளிங்கு போன்ற மேற்பரப்பும் கொண்ட தோல், அவருடைய கணக்கில் உயர்ந்தது. ஆனால் ஷூவின் முன்பாகத்தைப் போன்ற பெரிய துண்டை எடுக்க வேண்டியவனுக்கு, அந்த ஒரு தழும்பு தோலின் சிறந்த பகுதியையே இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஓரமெல்லாம் உண்ணி வடு சிதறிக் கிடக்கும் தோல் பார்வைக்குத் தாழ்ந்தது. விரலகல வார்களை வெட்டுகிறவனோ வடுக்களுக்கு இடையே புகுந்து புறப்பட்டுத் தன் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

அதன் பிறகு நாங்கள் செய்த ஏற்பாடு எளியது. தரச் சீட்டைக் கட்டோடு பிணைத்து, கட்டிங் முடியும்வரையில் அது கூடவே போகும்படி செய்து, எந்த ஆர்ட்டிகிளுக்கு, அதாவது எந்த ஷூ மாதிரிக்கு, எத்தனை ஜோடி தேறியது என்பதை அதே சீட்டின் பின்புறத்தில் எழுதச் சொன்னோம். சில மாதங்களில் அந்தச் சீட்டுகளைச் சேர்த்து வைத்துப் படித்தபோது, ஒரே தோலுக்கு ஆர்ட்டிகிளைப் பொறுத்து இரண்டு தரம் இருக்கலாம் என்பதும், எங்கள் ஆறு தரங்களும் விலை பேசுவதற்கு மிகப் பொருத்தமாகவும் விளைச்சலைக் கணிப்பதற்கு அரைகுறைப் பொருத்தமாகவும் இருந்தன என்பதும் தெரிந்தன. பாயின் கையிலோ கண்ணிலோ குற்றம் ஏதுமில்லை. அவரிடம் கேட்கப்பட்ட வினா வேறு; அவருடைய விடையை வைத்து நாங்கள் தீர்மானித்த காரியம் வேறு.

பரப்பளவிலும் இதே சூட்சுமம் இருக்கிறது. தோல் சதுர அடிக்கணக்கில் விற்கப்படுவது. அதை அளக்கும் இயந்திரம், நன்றாகப் பராமரிக்கப்பட்டால், ஒரே தோலை எத்தனை முறை செலுத்தினாலும் ஒரே எண்ணைக் காட்டும். ஆனால் உலர்த்தும்போது டாகிள் சட்டத்தில் கவ்விகளை மாட்டி இழுத்துக் கட்டிய தோல் சில சதவீதம் விரிந்து நிற்கும். அந்த விரிவில் ஒரு பகுதி நிலைத்திருக்கும். மற்றொரு பகுதி, தோல் சற்று ஈரம் கண்டு ஓய்வு கொள்ளும்போது, வந்த வழியே திரும்பிவிடும். காற்றின் ஈரத்தைப் பொறுத்தும் தோல் விரியும், சுருங்கும். சித்திரை வெயிலில் வேலூரில் அளந்த அடியும், ஐப்பசி மழையில் அளந்த அடியும், வடகடல் துறைமுகத்துக் கிடங்கில் அளந்த அடியும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. இந்தப் பிரதேசத்தில் பரப்பளவுத் தகராறுகள் அநேகம் நடந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் இரு தரப்பு இயந்திரங்களும் மெய்யே பேசின.

பரிசோதனைச் சாலைக்கு வருவோம். குரோம் பதனிட்ட தோலின் ஒரு சிறு துண்டைக் கொதிநீரில் சில நிமிஷம் போட்டு, அது சுருங்காமல் வெளியே வந்தால் பதன் முற்றிலும் ஏறிவிட்டது என்று கொள்வது தொழிலின் பழைய பரீட்சை. பதன் ஏறியதா என்ற வினாவுக்கு அதைக் காட்டிலும் நேரான விடை கிடையாது. ஆனால் அந்தத் தோல் மிருதுவாக இருக்குமா, சாயம் ஒட்டுமா, ஷூவாக மாறியபின் விரிசல் காணாதிருக்குமா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. தோலின் கிழிவலிமையையும் இழுவலிமையையும் சோதிக்க எந்த இடத்தில் துண்டு வெட்ட வேண்டும் என்பதை சர்வதேசத் தர நிர்ணயம், ஐஎஸ்ஓ 2418 என்ற எண்ணில், முதுகெலும்புக் கோட்டையும் வால் அடியையும் குறியாக வைத்து வகுத்திருக்கிறது. அந்த இடம் புட்டத்தை ஒட்டிய, நார்கள் நெருக்கமாகப் பின்னிய, தோலிலேயே உறுதியான பகுதி. உலகத்தின் எந்த மூலையில் பரிசோதித்தாலும் விடைகளை ஒப்பிட்டுப் பார்க்க முடிய வேண்டும் என்பதற்காக அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த நோக்கத்துக்கு அது உத்தமமான ஏற்பாடு. ஷூவோ புட்டத்திலிருந்து மாத்திரம் வெட்டப்படுவதில்லை. தளர்ந்த வயிற்றுப் பக்கத்தை ஒட்டியும் துண்டுகள் விழுகின்றன. ஓயாமல் மடிந்து முதலில் வெடிப்பதும் அவையே. சோதனைக் காகிதத்தில் நிறைய மதிப்பெண் வாங்கிய தோல் காலில் வெடித்தது என்று யாராவது ஆச்சரியப்பட்டால், துண்டு எங்கே வெட்டப்பட்டது என்பதை முதலில் விசாரிப்பேன். மடிப்புச் சோதனைக்கும் இது பொருந்தும். 23 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரமும் கொண்ட அறையில் பதப்படுத்திய ஒரு சிறு துண்டை லட்சம் முறை மடித்துப் பார்ப்பது மிக நல்ல பரீட்சை. ஆனால் மடிகிற காலின் வடிவமும், உள்ளே ஒட்டிய லைனிங்கும், வியர்வையும் அந்த அறைக்குள் வருவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் குரோம் பதனைப் பரீட்சித்த ஆல்ஃபிரெட் சாட்டர்டன் செய்த ஒரு காரியத்தை இந்தச் சந்தர்ப்பத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கிணற்றிலிருந்து கவலை ஏற்றத்தில் நீர் இறைக்கும் தோல் சாலுக்கு இந்தப் புதிய தோல் உதவுமா என்பது அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினைகளில் ஒன்று. பட்டைப் பதனிட்ட தோல் ஓயாமல் நனைந்தும் காய்ந்தும் கெடுகிறது; குரோம் தோல் நீரைத் தாங்குகிறது. அந்தத் தோலுக்குப் பரீட்சைக் கூடம் கிணறு. பரீட்சகன் மாட்டை ஓட்டிச் சென்ற குடியானவன். பரீட்சையும் உபயோகமும் ஒன்றாகவே இருந்தபடியால், விடை எதைக் குறிக்கிறது என்ற சந்தேகத்துக்கே அங்கே இடமில்லாமல் போயிற்று. தோல் ஆம்பூரில் உருவாகி, மிலானிலோ சிகாகோவிலோ உழைக்கப் புறப்பட்ட பிறகுதான் கிணற்றுக்கும் பரிசோதனைக்கும் நடுவே சமுத்திரம் வந்து படுத்துக்கொண்டது.

இந்த விஷயத்தை ஆராய்ந்த கல்வியாளர்களும் உளவியலாளர்களும் எங்களுக்கு முன்பே இதே வழியாக நடந்து சென்றிருக்கிறார்கள். ஒரு சோதனை எதை அளப்பதாகச் சொல்லிக்கொள்கிறதோ அதையே அளந்தால் அது ஏற்புடையது என்று முதலில் கருதினார்கள். 1955ஆம் ஆண்டில் லீ கிரான்பாக், பால் மீல் என்ற இருவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும், அதற்குப் பின் சாமுவேல் மெசிக் முதலியோர் எழுதியவையும் அந்தக் கருத்தை ஆழப்படுத்தின. ஏற்புடைமை என்பது அளவுகோலோடு பிறந்த குணமன்று. அந்த அளவிலிருந்து நாம் எடுக்கும் முடிவுக்கும், அந்த முடிவை வைத்துச் செய்யும் காரியத்துக்கும் உரியது என்பதே அவர்கள் கொண்டுவந்து நிறுத்திய இடம். வியாபார உலகத்தில் ரோஜர் மார்ட்டின் என்ற கனடா நாட்டு மேலாண்மை ஆசிரியர், 2009இல் வெளிவந்த தம் நூலில், பெரிய ஸ்தாபனங்கள் மாறாத விடையைத் தரும் முறைகளையே விரும்பி, சரியான விடையைத் தரக்கூடிய ஆனால் நிச்சயம் குறைந்த யோசனைகளை ஒதுக்கிவிடுகின்றன என்று எடுத்துக்காட்டினார். இவற்றை வாசித்தபோது பாயின் முகம் என் கண்முன் வந்தது.

ஒரு பிரதேசத்தின் தொழில் முழுவதுமே தன் செழிப்பைப் பொருந்தாத அளவுகோலால் அளந்துகொண்டிருந்த சரித்திரம் எங்களுடையது. ஆவாரம் பட்டையும் கொன்றைப் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட எங்கள் தோலுக்கு, கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் லண்டன் ஏலங்களில் மதிப்பிருந்தது. எத்தனை மூட்டை கப்பலேறியது, பவுண்டுக்கு என்ன விலை போயிற்று என்பவையே தொழிலின் ஆரோக்கியத்துக்கு அடையாளம். அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் அரைப்பதனாகப் போன தோலை அங்கே மெருகேற்றி, ஷூவாகவும் பையாகவும் கையுறையாகவும் செய்து விற்றவர்கள் சம்பாதித்தது என்ன, அந்த வேலைக்கான கைகள் இங்கே என்ன செய்துகொண்டிருந்தன என்ற வினாக்களுக்கு மூட்டைக் கணக்கில் விடை இல்லை. 1972இல் சீதாராமையா தலைமையில் அமைந்த அரசுக் குழு அந்த வேறு வினாவைக் கேட்டது. அதையொட்டி 1973இல் கச்சாத் தோல் ஏற்றுமதி நிறுத்தப்பட்டு, அரைப்பதன் தோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. பழைய கணக்கில் பார்த்தால் அது வீழ்ச்சி. பலர் அவ்விதமே புலம்பினார்கள். 1948இல் சென்னை அடையாற்றில் தோன்றி, விஞ்ஞானி நாயுடம்மா போன்றோரால் வளர்க்கப்பட்டிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் மெருகேற்றும் வித்தையைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கிரஸ்ட் என்னும் மெருகேற்றாத தோலும் மெருகேற்றிய ஃபினிஷ் தோலும், பிறகு ஷூவின் மேற்பாகமும், கடைசியில் முழு ஷூவும் இங்கிருந்தே புறப்பட்டன. தோல் பதனிடும் ஷாப்புகளின் ஊராக இருந்த ஆம்பூர், காலையில் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வந்து இறங்கும் ஷூ கம்பெனிகளின் ஊராயிற்று. அளவுகோலை மாற்றிய ஒரு தீர்மானம் எத்தனை குடும்பங்களின் அடுப்பை எரியவைத்தது என்பதை நான் என் கண்ணால் கண்டவன். ஆகவேதான் இந்த விஷயத்தை வெறும் தர்க்கமாக என்னால் பேச முடியவில்லை.

ஆனால் புதிய அளவுகோல்களும் தங்கள் எல்லைக்குள்ளேயே பேசின. பூஞ்சணம் பிடிக்காமலிருக்கத் தோலில் சேர்க்கப்பட்டு வந்த பென்டாக்ளோரோபீனாலை ஜெர்மனி 1989 இறுதியில் தடை செய்து, கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு கட்டியது. எங்கள் சோதனைச் சீட்டுகளில் வலிமை, நிறம், தடிமன் எல்லாம் இருந்தன. இந்தப் பதார்த்தத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பூஞ்சணம் படாத தோல் நல்ல தோல் என்பதே நாங்கள் அறிந்த பாடம். அந்த நன்மையைத் தந்த வஸ்துவே குற்றமாக எழுதப்பட்டபோது, கப்பலில் இருந்த சரக்கெல்லாம் ஒரே இரவில் சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. 1994இல் அதே நாடு, பிரிந்து விஷத்தன்மையுள்ள அமீன்களைத் தரும் அசோ சாயங்களைத் தடை செய்தது. இவ்விரண்டும் வெளியிலிருந்து வந்த கட்டளைகள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. அணிகிறவனின் சருமத்துக்குத் தீங்கு செய்யாதிருப்பதும் தரத்தில் ஒரு பகுதி என்பது ஜெர்மனி சொல்லித்தான் உண்மையாக வேண்டும் என்பதில்லை.

எல்லாவற்றிலும் நுட்பமான பாடத்தைக் கற்பித்தது ஆறாம் நிலைக் குரோமியம். குரோம் பதனில் நாங்கள் உபயோகிப்பது தீங்கு குறைந்த மூன்றாம் நிலைக் குரோமியம். அது சில சூழ்நிலைகளில் ஆறாம் நிலைக்கு ஏறி, சருமத்தில் ஒவ்வாமை உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் விதி செய்து, 2015 மே முதல் தேதியிலிருந்து, சருமத்தில் படும் தோல் பொருள்களில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற வரம்பை அமல்படுத்தியது. எனக்கு நன்கு தெரிந்த ஒரு ஸ்தாபனத்தின் சரக்கு, சென்னையில் பரிசோதிக்கப்பட்டு, ஆறாம் நிலைக் குரோமியம் இல்லை என்ற சான்றோடு கப்பலேறி, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடியும் பரிசோதிக்கப்பட்டுத் தோல்வியுற்றது. இங்குள்ள ஆய்வாளரை முதலாளி நம்ப மறுத்தார். அங்குள்ளவரைத் தரகர் நம்ப மறுத்தார். இரண்டு பேரும் தங்கள் வேலையைப் பழுதறச் செய்தவர்கள் என்பதே நான் விசாரித்து அறிந்தது. கன்டெய்னரின் வறண்ட உஷ்ணத்தில் பல வாரம் அடைபட்டுப் பிரயாணம் செய்த தோலுக்குள், மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெயின் சில கொழுப்பு அமிலங்கள் காற்றோடு கலந்து மாறி, குரோமியத்தையும் தம்மோடு மாற்றிவிட்டன. சென்னைச் சான்று, தோல் அன்றைக்கு இருந்த நிலைக்குப் பிரமாணம். வாங்குகிறவர் அதைக் கடைக்கு வரும் நாளுக்கும் காலில் ஏறும் நாளுக்கும் பிரமாணமாகக் கொண்டார்.

அதன் பிறகு தோலை 80 டிகிரி உலர் வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்து, முதுமையை முன்கூட்டியே வரவழைத்துப் பரிசோதிக்கும் முறை பரவியது. காலத்தைச் சோதனைக்குள் கொண்டுவர முயன்ற முறை என்பதால் அதில் எனக்கு மதிப்பு அதிகம். கருமையாகச் சாயமேற்றிய தோலின் சாறு, நிறத்தைக் கொண்டு அளக்கும் பழைய முறையைக் குழப்பிவிடும் என்பதால், பதார்த்தங்களைப் பிரித்து அளக்கும் முறையும் 2017இல் தர நிர்ணயத்தில் சேர்ந்தது. பரிகாரம் வந்த திசை எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம் தந்தது. மறுபதனில் மரப்பட்டைச் சத்தைச் சிறிதளவு சேர்த்தால், குரோமியம் ஆறாம் நிலைக்கு ஏறாதபடி அது தடுத்து நிற்கிறது. எங்கள் பாட்டன்மார் குழிகளில் ஊறவைத்த துவர்ப்பு, அவர்கள் கேட்டேயிராத ஒரு வினாவுக்கு விடையாகப் பதனிடும் டிரம்முக்குள் திரும்பி வந்தது.

பாலாற்றைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது தர்மமாகாது. தோல் தொழிலின் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 1996 ஆகஸ்ட் 28இல் அளித்த தீர்ப்பை இந்த நாட்டின் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். மாசுபடுத்தியவனே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையும், தீங்கு நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என்ற கொள்கையும் அதில் நிலைநாட்டப்பட்டன. இந்தத் தொழில் நடக்கும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்ற வேளாண் ஆராய்ச்சியாளர்களின் கணக்கும் அங்கே எடுத்துக்காட்டப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் வடிநீரைப் பரிசோதித்த சீட்டுகள் கத்தை கத்தையாக இருந்தன. உயிரியல் முறையில் சுத்திகரித்தால் அழுகும் பொருள்கள் நீங்கிவிடுகின்றன, அவற்றை அளக்கும் எண்கள் இறங்குகின்றன, சீட்டு சுத்தமாகிறது. ஆனால் பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ பாதி வரையில் கூடத் தடவி வந்த உப்பு, நீரில் கரைந்தபின் எந்தக் கிருமியாலும் தின்னப்படாமல் அந்தத் தொட்டிகளையெல்லாம் கடந்து போய்க்கொண்டிருந்தது. கிணற்று நீரை வாயில் வைத்துப் பார்த்த விவசாயியின் அளவை ஒன்றுதான் அந்த நாட்களில் பொருந்திய அளவையாக இருந்தது; அதை எந்தச் சீட்டிலும் எழுதுவார் இல்லை.

கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் என்ற வரம்பை நிறைவேற்றும் கட்டாயம் வந்தபின், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சவ்வூடு வடிப்பும் ஆவியாக்கும் கலன்களும் அமைத்து, ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை நோக்கிச் சென்றன. பெரும் செலவும் பெரும் முயற்சியும் அதில் அடங்கியிருக்கின்றன. அவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும் வெளியே போகவில்லை என்ற எண், உள்ளே குவிகிற கலப்பு உப்பு எங்கே போகும் என்பதற்கு விடையன்று. நீரிலிருந்து பிரித்தெடுத்த அந்த உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் உபயோகமற்றுக் கிடக்கிறது. நிலத்துக்கு என்ன ஆயிற்று என்பதை அறிய, வடிகுழாயின் வாயோடு நில்லாமல், கிணறுகளையும் மண்ணையும் ஆண்டுதோறும் அளந்து வெளியிட வேண்டும் என்று சம்பந்தப்பட்ட கூட்டங்களில் நான் பேசி வந்திருக்கிறேன், இனியும் பேசுவேன்.

வெளிநாட்டு வியாபாரிகள் இப்போது தொழிற்சாலைக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கம் தரும் தணிக்கையைப் பார்த்துச் சரக்கு வாங்குகிறார்கள். 2005இல் தொடங்கிய லெதர் வொர்க்கிங் குரூப்பின் அந்தத் தணிக்கை, நீர், மின்சாரம், ரசாயனம், கழிவு ஆகியவற்றை ஒரு தோல் ஷாப்பு எவ்வளவு பொறுப்போடு கையாளுகிறது என்பதைக் கவனமாக மதிப்பிடுகிறது. அது அந்த வளாகத்துக்கு உரிய சான்று. அங்கிருந்து கூலிவேலைக்கு வேறிடம் போய் வந்த தோலுக்கு அதை நீட்டிக்க முடியாது, தோலின் மென்மைக்கும் அது உத்தரவாதமன்று. தணிக்கை செய்கிறவர்கள் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மனிதர்களை மதிப்பிடும் விஷயத்தில் ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஷூ மேற்பாகம் தைக்க வரும் பெண்களுக்கு, நூல் கோக்காத ஊசியால் காகிதத்தில் வரைந்த கோடுகளின்மேல் தைக்கச் சொல்லி, வேகத்தையும் கோட்டை விட்டு விலகாமையையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இங்கே பழகிய முறை. பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண், காகிதத்தில் எல்லோருக்கும் பின்தங்கினாள். வளைவு வரும்போதெல்லாம் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவாள். அவளை நிறுத்திவிடப் போன சமயத்தில், லைன் மேற்பார்வை பார்த்த அம்மாள் தடுத்து, “சார், இவளுக்கு ஒரு துண்டு தோலைக் குடுத்துப் பாருங்க, பேப்பர்ல ஓட்டை விழுந்தா வேற பேப்பர் இருக்கு, தோல்ல விழுந்தா ஜோடியே போச்சு” என்றாள். அந்த அம்மாள் சொன்னதே உண்மை. துணியைப் போலப் பிரித்துத் தைக்கத் தோல் இடம் கொடாது. தவறிய ஊசித்துளை என்றைக்கும் நிற்கும். காகிதத்தில் தாமதம் என்று நாங்கள் குறித்தது தோலில் நிதானமாக இருந்தது. அதுமுதல் எங்கள் பிரிவில் கழிவுத் துண்டுகளில் வளைவுத் தையல் போடச் சொல்லி, வீணான துளைகளையும் சேர்த்து எண்ணத் தொடங்கினோம். காகிதத்தை முற்றிலும் விடவில்லை. மிதியைப் பழக்குவதற்கு அது போதுமானது.

இப்போது இந்தப் பிரதேசத்தின் முன்னால் நிற்பது வேறொரு பரீட்சை. உலகத்தின் கால்களில் துணியும் ரப்பரும் நெகிழியும் சேர்ந்த விளையாட்டு ஷூக்கள் ஏறிவிட்டன. தமிழ்நாடு அரசு 2022இல் காலணித் துறைக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. செய்யாறு, பெரம்பலூர், இராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கம் போன்ற இடங்களில் தோல் அல்லாத காலணிகளைப் பெருமளவில் செய்யும் முதலீடுகள் வந்திருக்கின்றன, இன்னும் வந்துகொண்டும் இருக்கின்றன. நண்பர்கள் என்னிடம் காட்டும் திட்ட அறிக்கைகளோ இன்னும் எத்தனை சதுர அடி தோல், எத்தனை ஜோடி தோல் ஷூ என்ற பழைய தொடர்கணக்கை நீட்டிக் கோடு போட்டு, பத்து வருஷத்து எதிர்காலத்தைக் காட்டுகின்றன. அந்தக் கணக்கு மாசற்றது. ஒவ்வொரு வருஷத்து எண்ணும் சரிபார்க்கப்பட்டது. நான் அவர்களிடம் கேட்பது இதுதான்: வளைவில் தையல் போடத் தெரிந்த இத்தனை ஆயிரம் பெண்களின் கை, தோல் அல்லாத பொருளில் எவ்வளவு தேறும் என்று யாராவது ஒரு லைனில் உட்கார வைத்துப் பார்த்தீர்களா? சதுர அடி வேண்டாத வியாபாரத்தில் இந்த ஊரிடம் மிஞ்சுவது அந்தக் கைதானே. அதை அளந்த காகிதம் உங்கள் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?